அயோடின் குடிக்காத கட்டி

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசக் கூப்பிட்டபோது, சாதித்ததைப் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். குணமாகிப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரன் பேத்திகள் சொல்வார்கள். நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல மட்டும் என்னைத் தவிர இப்போது யாரும் இல்லை. அதனால் இன்று அதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருந்தது. மேற்குத் தாலுகாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிரிவுக்கு நான் சிஸ்டர். எங்களிடம் இருந்தது இரண்டே ஆயுதம். ஒன்று ரேடியம் ஊசிகள். இன்னொன்று டீப் எக்ஸ்ரே மெஷின். வெற்றிலையும் புகையிலையும் போட்டு வாயில் புண் வந்தவர்கள்தான் முக்கால்வாசி பேர். ஊர்க்காரர்கள் எங்கள் வைத்தியத்துக்கு வைத்த பெயர் ‘கரண்டு வைப்பு’. “பத்துக் கரண்டு வச்சாச்சு, இனி பதினஞ்சு கிடக்கு” என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு போவார்கள்.

எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரு பழக்கம். எந்த நோயாளியையும் மேசையில் படுக்கவைத்ததும் உடனே மெஷினைத் தொடமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். அந்த ஒரு நிமிஷத்தில் ஆள் எப்படி மூச்சு விடுகிறான், எச்சிலை எப்படி விழுங்குகிறான், கண் எங்கே போகிறது என்று பார்ப்பார். வெளியே முப்பது பேர் காத்துக்கொண்டிருக்க, இவர் இப்படி நிற்பது எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். நான் வேகமானவள். வேகமாக வேலை செய்பவள் நன்றாக வேலை செய்பவள் என்று அந்த வயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

செல்லையா வந்தது ஒரு ஆவணி மாதம். குழித்துறைச் சந்தையில் பாக்கும் நல்லமிளகும் மொத்தமாக வாங்கி விற்கிறவர். அறுபது தாண்டியிருக்கும். தொண்டையில் இருபது வருடமாக ஒரு கழலை, எலுமிச்சங்காய் அளவுக்கு. அது பாட்டுக்கு இருந்தது. அவரும் அதை மறந்துவிட்டார். ஐயாவழி என்ற வழிபாட்டைச் சேர்ந்தவர். அவர்கள் கூடி வணங்கும் நிழல்தாங்கலில் மதிய நேரத்துப் பிரார்த்தனையான உச்சிப்படிப்பை அவர்தான் முன்னின்று படிப்பார். ஒரு நாள் படித்துக்கொண்டிருக்கும்போதே குரல் இரண்டாக உடைந்தது. சுற்றியிருந்தவர்கள் சளி என்றார்கள். மறு வாரம் குரலே எழும்பவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் எலுமிச்சங்காய் ஒரு சிரட்டை அளவுக்குப் போய்விட்டது.

கூட வந்தது அவருடைய மகள் தங்கம்மை. பள்ளிக்கூடத்து ஆசிரியை. கலியாணமான இரண்டாம் வருடமே புருஷன் போய்ச்சேர, அப்பாவிடம் திரும்பி வந்தவள். என் வயது. நெற்றியில் நாமத்தோடு தலைப்பாகை கட்டி உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பாறை மாதிரி இருந்தது. விழுங்கச் சொன்னால் அசையவில்லை. ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகு, தங்கம்மையைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அம்மா, நான் ஒளிச்சுப் பேசமாட்டேன். தைராய்டுல வரக்கூடியதிலேயே இது ரொம்ப வேகமானது. வெட்டி எடுக்க முடியாது, மூச்சுக்குழாயோட ஒட்டிப்போச்சு. கரண்டு வச்சா சுருங்கும்னு எதிர்பார்க்கிறேன். தீனம் முழுசா மாறிக் குணமாகும்னு சொல்லமாட்டேன்.”

“அப்ப எதுக்கு டாக்டர் கரண்டு?”

“மூச்சுக்கு வழி வேணும். கஞ்சி இறங்கணும். அதுக்கு.”

அவள் அதையும் நோட்டில் எழுதினாள். எழுதி முடித்து, எங்கள் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

சிகிச்சை தொடங்கியது. முதல் சில நாட்களுக்குக் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. கதிர் பட்டதும் கட்டி முதலில் சற்று வீங்கலாம். மூச்சுக்குழாய் ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கிற ஆளுக்கு அந்தக் கொஞ்ச வீக்கமே போதும். செல்லையா தினமும் காலையில் வருவார். கழுத்தில் நாங்கள் ஊதா மையால் போட்ட கோடு அழிந்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கம் தண்ணீர் படாமல் குளித்துவிட்டு வருவார். “மக்களே, சுகமா இரிக்கியா?” என்று, சொந்த மகளைக் கேட்பது போல, காற்றாகிப்போன குரலில் என்னைக் கேட்பார். நான் கேட்க வேண்டிய கேள்வி அது.

தங்கம்மையும் நானும் சிநேகிதிகள் ஆகிவிட்டோம். அப்பாவுக்கு முறை வருகிறவரை அவள் என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். மத்தியானம் சோற்றுப்பொதியைப் பிரித்து எனக்கும் பங்கு வைப்பாள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டாள்.

“எஸ்தரே, உள்ளதைச் சொல்லு. இந்தக் கரண்டைவிட நல்ல மருந்து உலகத்துல ஒண்ணுமே இல்லியா?”

பெரிய டாக்டர் அறைக்குக் கப்பலில் இங்கிலீஷ் மருத்துவப் பத்திரிகைகள் வரும். மாதக்கணக்கில் தாமதமாக வரும். மேசையைத் துடைக்கப் போகும்போது நான் அவற்றைப் புரட்டுவேன். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள் என்ற கர்வம் எனக்குண்டு. அதற்கு முந்தின வாரம்தான் அதில் ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தைப் படித்திருந்தேன்.

“அணு அயோடின்னு ஒண்ணு வந்திருக்கு, கேட்டியா? குடிக்க மட்டும் செய்தா போதும். தைராய்டு அயோடினைத் தேடி உறிஞ்சக்கூடிய உறுப்பு இல்லியா? அதனால மருந்து நேரே கட்டிக்குள்ள போய் இருந்து அதைக் கரிச்சுப்போடும். தோல்ல ஒரு பாடு, ஒரு வடு இருக்காது.”

தங்கம்மை சோற்றுக் கையோடு அப்படியே இருந்தாள்.

“நம்ம நாட்டுல கிட்டுமா?”

“பெரிய பட்டணத்துல விசாரிச்சா தெரியும்.”

இவ்வளவுதான் நான் சொன்னது. ஏன் சொன்னேன் என்று பிற்பாடு பல வருடம் யோசித்திருக்கிறேன். எனக்கும் தெரியும் என்று காட்டும் ஆசை ஒன்று. அவள் முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல மனம் வராதது இன்னொன்று. முதலாவதை உங்களால் எளிதாக அடையாளம் காண முடியும். இரண்டாவதுதான் ஆபத்து. அது இரக்கம் போலவே இருக்கும்.

இரண்டு நாள் கழித்து அப்பாவோடு வந்தவள் பெஞ்சில் உட்காரவில்லை. நேரே பெரிய டாக்டரிடம் போனாள். நான் அன்றைய சிகிச்சைத் தாள்களோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“டாக்டர், அப்பாவை மெட்ராசுக்குக் கொண்டுபோகணும். ஒரு கடிதம் வேணும்.”

“எதுக்கும்மா?”

“அணு அயோடின் குடுக்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“அந்த மருந்து உண்மைதான். நல்ல மருந்துதான்” என்றார். “ஆனா கட்டி அதைக் குடிக்கணும். தைராய்டுல வரக்கூடிய சில புற்றுநோய் மெதுவா வளரும். அதோட செல்லுக்கெல்லாம் தான் தைராய்டுதான்கிற நினைப்பு பாக்கி இருக்கும். அது அயோடினைக் குடிக்கும். உங்க அப்பாவுக்கு வந்திருக்கிறது அந்த நினைப்பே போனது. நீங்க எவ்வளவு குடுத்தாலும் அது தொடாது. வயித்துல போய், வெளிய போயிடும்.”

“உங்ககிட்ட அந்த மருந்து இருக்கா?”

“இல்லை.”

“இருந்தா குடிச்சுப் பாக்கச் சொல்லியிருப்பீங்கதானே?”

“சொல்லியிருக்கமாட்டேன். இப்ப கரண்டை நிறுத்தினா கட்டி நமக்காகக் காத்திருக்காதும்மா. ரெண்டு நாள் ரயில்ல போய், அங்கே வரிசையில நின்னு...”

“உங்க ஆளுகளே வேறமாதிரி பறஞ்சாவளே” என்றாள் தங்கம்மை.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. ‘நீ சொல்லு, யார் சொல்வது சரி?’ என்று கேட்கிற பார்வை. அந்த அறையில் அவள் நம்பியது என்னைத்தான். ‘தங்கம்மை, நான் பாதி படித்துவிட்டு உளறினேன், டாக்டர் சொல்வதைக் கேள்’ என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை.

டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். செல்லையா கைகூப்பினார். “வந்து காணலாம், மக்களே” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் டாக்டர் வார்டுக்குப் போன சமயம் அந்தப் பத்திரிகையை எடுத்து மீதியைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவிலேயே இருந்தது. வேகமாக வளரும் இந்த வகைக்கு இந்த மருந்தால் பயனில்லை, வெளியிலிருந்து கதிர் கொடுப்பதைத் தாமதிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் சொன்னது அப்படியே.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் திருநெல்வேலி போய் அங்கிருந்து ரயில் ஏறப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். குழித்துறையில் அவர்கள் வீடு ஆற்றங்கரையோரம் எங்கே என்றும் தெரியும். காலை முதல் பஸ்ஸில் போயிருந்தால் சாப்பாட்டு வேளைக்குள் திரும்பியிருக்கலாம். நான் போகவில்லை. காலையில் ரேடியம் ஊசிகளை எடுத்துவைக்கும் வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை இருந்தது உண்மை. இன்னொரு சிஸ்டர் அதைச் செய்திருக்க முடியும் என்பதும் உண்மை.

உங்களில் யாரும் தவறாக ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த வேலையை விட்டு ஓய்வு பெறப்போவதில்லை. அதற்காக உங்களை நான் பயமுறுத்த மாட்டேன். வார்த்தை வெளியே போன பிறகும் நமக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. சில சமயம் ஒரு நிமிஷம், சில சமயம் ஒரு ராத்திரி. எனக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டையும் விட்டேன்.

அவர்கள் போன பதினோராம் நாள் மத்தியானம் இரண்டு மணியிருக்கும். நாகர்கோவிலிலிருந்து வாடகைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. முதலில் சத்தம்தான் எனக்குக் கேட்டது. மரம் அறுக்கிற வாளை இழுத்து இழுத்து விடுவது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் செல்லையா. பின்சீட்டில் முன்னுக்குக் குனிந்து, முன்சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். அந்தச் சத்தம் அவர் மூச்சு. கட்டி ஒரு காதிலிருந்து மறு காதுவரை பரந்திருந்தது. எங்கள் ஊதா மை அதன் மேல் எங்கோ ஓரத்தில் கிடந்தது.

மெட்ராசில் ஆறு நாள் காத்திருந்து ஒரு நிபுணரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, ‘உங்கள் ஊர் டாக்டர் சொன்னதுதான் சரி, உடனே திரும்பிப் போங்கள்’ என்றிருக்கிறார். திரும்பி வருகையில் ரயிலில் செல்லையாவால் சாயவே முடியவில்லை. உட்கார்ந்தே வந்திருக்கிறார்.

எங்கள் பெரிய டாக்டர் அன்று திருவட்டாறு பக்கத்துக் கிளை மருந்தகத்துக்குப் போயிருந்தார். அவரைக் கூட்டிவர ஆஸ்பத்திரி வண்டியை அனுப்பினோம். போய்வர இரண்டு மணிக்கூறாவது ஆகும். ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன டாக்டர். படித்து முடித்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கெட்டிக்காரர், நல்லவர்.

“சிஸ்டர், மெஷினைச் சூடாக்குங்க” என்றார். “பதினோரு நாள் போயாச்சு. இப்பவே கரண்டு வச்சாத்தான் உண்டு. மேசையில படுக்க வைங்க.”

தங்கம்மை அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பத் தொடங்கிவிட்டாள். நான் செல்லையாவைப் பார்த்தேன். பெரிய டாக்டர் ஒரு நிமிஷம் நிற்பாரே, அப்படி நான் நின்றது அன்றுதான். அவர் இரண்டு கையையும் முட்டில் ஊன்றி, தாடையை முன்னுக்கு நீட்டி, அந்த ஒரே ஒரு கோணத்தில் மட்டும் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். தலை அரை விரல்கடை பின்னால் சாய்ந்தாலும் வாள் சத்தம் நின்றுவிடுகிறது.

“டாக்டர், படுக்க வைக்கவேண்டாம்” என்றேன்.

“என்ன சிஸ்டர்?”

“படுத்தா கட்டி முழுசும் மூச்சுக்குழாய் மேல இறங்கும். அப்புறம் எழும்பமாட்டார். இன்னைக்குக் கரண்டு வச்சாலும் அது கட்டியைச் சுருக்க நாள் ஆகும். முதல்ல வீங்கத்தான் செய்யும். இவருக்கு இப்ப வேண்டியது கரண்டு இல்ல, மூச்சு விட கழுத்துல ஒரு துவாரம்.”

“துவாரம் எங்கே போட? கட்டியில்லாத இடம் இருக்கா பாருங்க. நான் அதுல கத்தி வச்சா ரத்தம் நிக்காது.”

அவர் சொன்னதும் சரி. தன் பயத்தை அவர் மறைக்கவில்லை; அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

“அப்ப காத்திருப்போம். பெரிய டாக்டர் வாறது வரைக்கும் இப்பிடியே இருக்கட்டும். ஆக்சிஜன் வைப்போம். கத்தியும் குழாயும் பக்கத்துல இருக்கட்டும். மூச்சு நின்னா நீங்க வெட்டித்தான் ஆகணும். நிக்காதவரை தொடவேண்டாம்.”

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த இரண்டு மணிக்கூறில் தெரிந்துகொண்டேன். உயரமான மேசை ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் மேல் தலையணை வைத்து, அவரை முன்னுக்குச் சாய்த்து உட்காரவைத்தோம். எதிரே ஸ்டூலில் நான். பக்கத்தில் கொதிக்கவைத்த கருவிகளை மூடிவைத்துக்கொண்டு சின்ன டாக்டர். தங்கம்மைக்குத் தாங்கவில்லை.

“எஸ்தரே, எதுக்குச் சும்மா இருக்கீங்க? அங்கே மெஷின் கிடக்கு, இங்கே எனக்க அப்பன் சாவுறாரு. கரண்டு வையுங்க! உனக்க அப்பன்னா இப்பிடி இருப்பியா?”

“இருப்பேன்.”

“நீ பேசாத. நீதானே...”

அவள் முடிக்கவில்லை. செல்லையா தலையணையிலிருந்து ஒரு கையை எடுத்து அவளை நோக்கி அசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு சொல்லுக்கு மூன்று மூச்சு எடுத்துச் சொன்னார்.

“பிள்ளைய... ஏசாத... மக்களே. பேடிச்சு... நிக்கா.”

பயந்து நிற்கிறாள், ஏசாதே என்கிறார். நான் அவளை ஏசவில்லை. அவள்தான் என்னை ஏசினாள். ஆனால் அவர் யாரை யாரிடமிருந்து காப்பாற்றினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் மெதுவாக மூச்சு இழுத்தேன், விட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து அதே வேகத்துக்கு வரப் பார்த்தார். வேகமாக இழுத்தால் சத்தம் கூடும், காற்று குறையும். மெதுவாக இழுத்தால் ஏதோ கொஞ்சம் போகும். நடுவில் ஒரு தடவை உதடு நீலமாகி, கண் மேலே போனது. சின்ன டாக்டர் கத்தியை எடுத்துவிட்டார். நான் செல்லையாவின் தாடையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தேன். வாள் சத்தம் மறுபடி தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

நாலு மணி தாண்டி வண்டி வந்தது. பெரிய டாக்டர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். பார்த்தார். “படுக்க வைக்காம இருந்தீங்களே” என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்த நிலையிலேயே மரத்துப்போக ஊசி போட்டு, நெஞ்செலும்பை ஒட்டி ரொம்பத் தாழ்வாக, கட்டியின் ஓரம் முடிகிற இடத்தில் விரலால் தேடித் தேடி வழி கண்டுபிடித்தார். ரத்தம் நிறைய போனது. குழாய் உள்ளே போனதும் செல்லையாவின் தொண்டையிலிருந்து ‘புஸ்’ என்று ஒரு காற்று வந்தது. பிறகு அமைதி. வாள் சத்தம் இல்லாத அந்த அறையில் யாரும் அசையவில்லை. தங்கம்மை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கை கழுவும்போது நான் பின்னாலேயே போனேன். அயோடினைப் பற்றி அவளிடம் சொன்னது நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும்” என்றார், தண்ணீரை நிறுத்தாமல். “அன்னைக்கு அந்தப் பொண்ணு உன்னைப் பார்த்ததை நானும் பார்த்தேன். நீ பேசுவேன்னு காத்திருந்தேன்.”

பிறகு தண்ணீரை நிறுத்தினார்.

“நான் உன்னைப் பேசச் சொல்லியிருக்கணும். நோயாளிக்கு முன்னால உன்னை அவமானப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன். உன் மானத்தைப் பார்த்தேன், அவர் தொண்டையைப் பார்க்கலை. இந்தப் பதினோரு நாள்ல என் பங்கும் இருக்கு, எஸ்தர்.”

துண்டில் கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாளே சிகிச்சையைத் திரும்பத் தொடங்கினோம். உலோகக் குழாயில் கதிர் பட்டுச் சிதறினால் சுற்றியுள்ள சதை வெந்துபோகும். அதனால் தினமும் சிகிச்சைக்கு முன் அதை எடுத்துவிட்டு ரப்பர் குழாய் போடுவேன், முடிந்ததும் மாற்றுவேன். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. முதல் வாரம் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் கட்டியின் ஓரம் இளகியது. மூன்றாம் வாரம் கஞ்சி தடையில்லாமல் இறங்கியது. கழுத்துத் தோல் சிவந்து உரிந்தது. விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். ஆனாலும் விழுங்கினார்.

ஒரு நாள் மத்தியானம் வார்டுக்குப் போனால் அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். தூக்கி உட்காரவைக்க ஓடினேன். தங்கம்மை உதட்டில் விரல் வைத்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தே கண்ணயர்ந்த மனிதர், கையையும் காலையும் விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இந்த வேலையில் எதை வெற்றி என்பது என்று உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு கொடுப்பார்கள். அதைப் படியுங்கள். ஆனால் தீராத நோய்க்காரன் ஒருவன் மல்லாந்து தூங்குவதை ஒரு தடவையாவது நின்று பாருங்கள். நாங்கள் ஆரம்பத்தில் தங்கம்மைக்குச் சொன்னது மூச்சும் கஞ்சியும் மட்டும்தான். அதைக் கொடுக்க முடிந்தது.

சிகிச்சை முடிந்து குழாயோடு வீட்டுக்குப் போனார். குழாயைக் கழுவ, மாற்ற தங்கம்மைக்குச் சொல்லிக்கொடுத்தேன். மிகக் கவனமாகக் கற்றுக்கொண்டாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. சோற்றுப்பொதி பிரிப்பதெல்லாம் முன்பே நின்றிருந்தது.

தை மாதம் முடிகிற சமயம், வெளிநோயாளிகள் வரிசையில் அவள் நின்றிருந்தாள். தனியாக. கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொதி. தன் முறை வருகிறவரை வரிசையிலேயே நின்று வந்து, பொதியை மேசையில் வைத்தாள். பிரித்தேன். குழாய். தேய்த்துக் கழுவி, பளபளவென்று இருந்தது.

“ஆஸ்பத்திரிச் சாமானம். வேற யாருக்காவது வேணுமா இருக்கும்” என்றாள்.

“எப்போ?”

“எட்டு நாள் ஆச்சு. மாருல பரந்துபோச்சு. ஆனா மூச்சு முட்டல. கடைசி வரைக்கும் படுத்துத்தான் உறங்குனாரு. தாங்கலுக்கும் ரெண்டு நாள் போனாரு. குழாயைப் பொத்திக்கிட்டு, பின்னால இருந்து படிச்சாரு. ஆருக்கும் கேட்டிருக்காது.”

நான் எழுந்தேன். இத்தனை மாதம் சொல்லாததைச் சொன்னேன். கட்டுரையின் முதல் பக்கத்தை மட்டும் படித்தது, டாக்டர் அறையில் வாய் திறக்காதது, அன்று சாயங்காலமே உண்மை தெரிந்தும் பஸ் ஏறி அவள் வீட்டுக்கு வராதது, எல்லாவற்றையும். வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

அவள் முழுவதையும் கேட்டாள்.

“அந்தப் பதினோரு நாளும் இங்கேயே கரண்டு வச்சிருந்தா அப்பன் பிழைச்சிருப்பாரா?”

“பிழைச்சிருக்கமாட்டார். ஆனா அந்த மூச்சுமுட்டல் இருந்திருக்காது. கூட ஒரு மாசமோ ரெண்டு மாசமோ கிடைச்சிருக்கலாம். தெரியல.”

“சரி” என்றாள். பொதி கட்டிவந்த துணியை நாலாக மடித்தாள். மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அன்னைக்குச் சோறு தின்னுக்கிட்டுச் சொன்னியே, அப்ப நீ அதை நம்புனியா?”

“நம்பினேன்.”

“நானும் நம்புனேன். ரயில்ல போறப்ப அப்பனும் நம்புனாரு. வழி நீள, வீட்டுக்கு வந்தா முதல்ல என்னென்ன செய்யணும்னு கையால காட்டிக்கிட்டே வந்தாரு.”

துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கு வழிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

‘நானும் நம்புனேன்’ என்று அவள் சொன்னதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பல தடவை ஆசை வந்ததுண்டு. நான் எடுத்துக்கொள்ளவில்லை.